பதினொரு மில்லிமீட்டர் பாட்டு

அளவுக்காரர் வந்தால் செருப்புச் சத்தம் கேட்காது, ஸ்கேல் சத்தம்தான் கேட்கும். முப்பது சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல். தொடையில் தட்டிக்கொண்டே நடப்பார். அந்தச் சத்தம் மாடிப்படி ஏற ஆரம்பித்ததுமே புள்ளிக்காரருக்குச் செய்து முடித்த வேலை எல்லாம் தப்பாகத் தெரியும்.

புள்ளிக்காரர் என்பது ஆபீஸில் அவருக்கு விழுந்த பெயர். பாட்டுகளைக் கணினியில் கோத்து இசைத்தாளாக அச்சுக்கு அனுப்புவது அவர் வேலை. ஐந்து கோடு, கோட்டின்மேல் புள்ளி, புள்ளிக்கு ஒரு காம்பு, கீழே பாட்டின் வார்த்தை. அதற்கு முன்னால் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பதினாறு வருஷம் காகிதக் கட்டு சுமந்தவர். முதுகு போன பிறகு மேலே அனுப்பினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பது வயதாகிவிட்ட மனுஷருக்குச் சுரக்குறி மட்டும் சட்டென்று பிடிபட்டது. அதில் அவருக்கு அதிசயம் ஒன்றும் இல்லை. லாரியில் சாய்த்த பலகைமேல் வரிசையாக மூட்டை ஏற்றும்போது, பெரிய மூட்டைக்காரனுக்குப் பின்னால் கூடுதலாக இடம் விடவேண்டும், சின்ன மூட்டைக்காரனுக்குப் பின்னால் கொஞ்சம் போதும். சுரமும் அப்படித்தான். நீட்டி நிற்கிற சுரத்துக்குப் பின்னால் நிறைய வெற்றிடம், ஓடிப்போகிற சுரத்துக்குப் பின்னால் கொஞ்சம். எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது கிளம்புவது என்று பாடுகிறவர் கண் அந்த வெற்றிடத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும். முக்கால்வாசி இடைவெளியைக் கணினியே போட்டுவிடும். மிச்சக் கால்வாசிதான் ஆள் வேலை. இங்கே ஒரு மயிரிழை தள்ளு, அங்கே ஒரு மயிரிழை இழு.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. கண்ணுக்குச் சமமாக வைத்தால் ஸ்கேலுக்குக் கோணல். ஸ்கேலுக்குச் சமமாக வைத்தால் கண்ணுக்குக் கோணல்.

அவர் வேலை பார்த்த இடம் சமச்சீர் இடைவெளி வாரியம். மூன்று மாடி, நூற்று நாற்பது பேர், வருஷத்துக்கு இரண்டு பாட்டு. சுரங்களுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஏற்பட்ட வாரியம் அது. மூன்றாம் மாடி முழுக்கத் தலைவர் அறை. இரண்டாம் மாடியில் பாதி, தலைவரைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் இடம். மற்றவர்கள் எல்லோரும் மீதி இடத்தில், ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து, சமமான இடைவெளிக்காகப் பாடுபட்டார்கள்.

அன்று அளவுக்காரர் நேராக வந்து, ஆண்டு விழாப் பாட்டின் முதல் படியை எடுத்து மேஜையில் விரித்தார். ஸ்கேலை வைத்தார்.

"இது பதினொன்னு. இது பதிமூணு. இது ஒன்பது." நிமிர்ந்து பார்த்தார். "என்னய்யா இது, சந்தைக்கடை மாதிரி?"

"சார், நீங்க காம்புல இருந்து காம்புக்கு அளக்கறீங்க," என்றார் புள்ளிக்காரர். "காம்பு மேல போனா புள்ளித் தலைக்கு வலப்பக்கம் நிக்கும். கீழ போனா இடப்பக்கம் நிக்கும். தலையில இருந்து தலைக்கு அளந்து பாருங்க. அது போக, நீளச் சுரத்துக்கு எடம் கொஞ்சம் கூட விடணும்."

"தலை உருண்டையா இருக்கு. உருண்டையில ஸ்கேலை எங்க கொண்டு வைக்கறது? காம்புதான் நேரா நிக்குது. நேரா நிக்கறதைத்தான் அளக்க முடியும்."

"கண்ணால பார்த்தா சரியாத்தானே சார் தெரியுது."

"உன் கண்ணைப் பிடுங்கி நான் ஃபைல்ல வைக்க முடியுமா?"

முடியாது என்று புள்ளிக்காரர் ஒப்புக்கொண்டார். அளவுக்காரர் சிவப்பு மையில் நூற்று எழுபத்தெட்டு இடத்தில் வட்டம் போட்டுவிட்டு, தட்டிக்கொண்டே படியிறங்கினார்.

வேலை போய்விடும் என்பதல்ல புள்ளிக்காரரின் பயம். வேலை போனால் வேறு ஏதாவது சுமக்கலாம். வாரியத்தின் பாடகர் குழுவில் நாற்பது பேர். அதில் முன்வரிசையில் நிற்பவள் அவருடைய மனைவி. இந்தத் தாளைப் பார்த்துத்தான் அவள் பாடியாக வேண்டும். ஆண்டு விழாவில் பாட்டு தடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி இருந்தது.

சாட்சி, அவளுடைய அண்ணன். புள்ளிக்காரருக்கு மச்சான். பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் தொண்டை அவருக்கு. போன வருஷ விழாவில், யாரோ ஸ்கேலால் சமமாகக் கோத்த தாளை நம்பி, ஒரு சுரத்தில் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டார். மறுநாளே அவரை அமைதி அறைக்கு மாற்றினார்கள். தண்டனை இல்லை, இடமாற்றம்தான் என்று உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தது. காலை பத்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, மாலை ஐந்து வரைக்கும் சத்தம் போடாமல் இருக்கவேண்டும். இருமல் வந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும். முதல் மாதம் வீட்டுக்கு வந்து வாரியத்தைக் கன்னாபின்னாவென்று திட்டினார். அடுத்த மாதம் பாதித் திட்டோடு நிறுத்தினார். இப்போது குழம்பு வேண்டுமா என்று கேட்டால் கிண்ணத்தைத் தள்ளி வைக்கிறார், அவ்வளவுதான்.

"என்னங்க," என்றாள் மனைவி, இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் துணி மடித்தபடியே. "இந்த வருஷத் தாள் எப்படி வந்திருக்கு?"

"வந்திருக்கு."

"உங்க கையா இருந்தா எனக்குப் பயமில்ல. கண்ணை மூடிக்கிட்டு நம்பிப் பாடலாம். அந்த ஸ்கேலான் கையா இருந்தா சொல்லிடுங்க. இப்பவே காய்ச்சல்னு எழுதிக் குடுத்துடறேன்."

"விழாவுக்குக் காய்ச்சல் செல்லாதுன்னு போன வருஷமே சுற்றறிக்கை போட்டுட்டாங்கம்மா."

அவள் கையிலிருந்த சட்டையை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள். உள்ளறையில் மச்சான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்று விடுமுறை நாள்.

நாலாம் நாள் புள்ளிக்காரரை மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம். நீள மேஜையின் ஒரு முனையில் வாரியத் தலைவர், மறு முனையில் புள்ளிக்காரர். நடுவில் நாற்காலிகள் காலியாக, ஒரே சீராக நின்றன. அளவுக்காரர் மட்டும் உட்காராமல் நின்றார்.

தலைவர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். குரல் உயராது.

"எனக்குச் சங்கீதம் தெரியாது," என்று ஆரம்பித்தார். "அதைச் சொல்லிக்கறதுல எனக்கு வெக்கமில்ல. தெரியாததாலதான் என்னை இங்க போட்டாங்க. தெரிஞ்சவன் வந்தா இந்தச் சுரம் நல்லா இருக்கு, அந்தச் சுரம் நல்லா இல்லன்னு பட்சபாதம் பார்ப்பான். எனக்கு எல்லாச் சுரமும் ஒன்னுதான். ஒருத்தனுக்கு நிறைய எடம், இன்னொருத்தனுக்குக் கொஞ்சம் எடம்னு குடுக்கறது நாம ஆபீஸ்ல பண்ற வேலை. அதைப் போய்ப் பாட்டுல பண்ணலாமா? வெளியில இருந்து பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஐயா, நீளச் சுரத்துக்கு..." என்றார் புள்ளிக்காரர்.

"நீளச் சுரம் ஏன் நீளமா இருக்கு? யார் குடுத்த சலுகை அது?"

பாட்டை எழுதியவர் கொடுத்த சலுகை என்று சொல்லலாம். சொன்னால் எழுதியவரைத் தேடிப் போவார்கள். பாவம், அவர் செத்து நூறு வருஷம் ஆகியிருந்தது.

கூட்டத்தின் முடிவு ஒரு சுற்றறிக்கையாக வந்தது: காம்புகள் மேலும் கீழுமாகத் திரும்பி அளவைக் கெடுப்பதால், இனி எல்லாச் சுரங்களும் காம்பை மேல்நோக்கியே வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளிக்காரர் அப்படியே செய்தார். மேல் கோட்டுக்கும் மேலே நின்ற சுரங்களின் காம்புகள் நீண்டு, முந்தின வரியின் வார்த்தைகளைப் போய்க் குத்தின. இரண்டாம் சுற்றறிக்கை வந்தது: உயரத்தில் உள்ள சுரங்கள் நடுக்கோட்டுக்கு இறங்கி வரவும். அவற்றை இறக்கியதும், தாழ்ந்த சுரங்கள் மட்டும் ஏன் அடியில் கிடக்கவேண்டும் என்று ஒரு உறுப்பினர் கண்கலங்கக் கேட்டார். அவற்றையும் ஏற்றி நடுக்கோட்டில் நிறுத்தினார்கள். பிறகு வார்த்தைகள். நீண்ட வார்த்தை வந்த இடத்தில் சுரங்கள் விலகி நின்றன. மொழியியல் துணைக்குழு மூன்று நாள் உட்கார்ந்து, எந்தச் சுரத்தையும் இடிக்காத வார்த்தை "ஆ" ஒன்றுதான் என்று கண்டுபிடித்தது. முழு நீளச் சுரத்துக்குக் காம்பே கிடையாது என்பது அதன் பிறகுதான் வெளியே தெரிந்தது. அதற்கும் ஒரு காம்பு வைத்து மற்றவற்றோடு சேர்த்தார்கள்.

கடைசியாக ஓய்வுக்குறி. பாடாமல் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டும் சின்னக் குறி அது.

"இதுக்குக் காம்பு எங்க?" என்றார் அளவுக்காரர்.

"அது சுரம் இல்ல சார். சும்மா இருக்கற எடம். அங்கதான் மூச்சு விடுவாங்க."

"காம்பு இல்லாததை எதுல இருந்து அளக்கறது? எடுத்துடு."

எடுத்தார். எடுக்கும்போது இரண்டு முறை தப்பான இடத்தில் அழுத்தினார். இப்போது தாளில் இருநூற்று நாற்பது சுரம். எல்லாம் ஒரே கோட்டில், ஒரே நீளத்தில், பதினொரு மில்லிமீட்டருக்கு ஒன்று. கீழே இருநூற்று நாற்பது ஆ. வேலி போட்ட மாதிரி இருந்தது. அளவுக்காரர் முதல் முறையாக அவர் தோளில் கை வைத்தார். "இப்பத்தான் பாட்டு மாதிரி இருக்கு," என்றார்.

ஒத்திகைக்கு ஆறு நாள் இருக்கும்போது மனைவி அந்தத் தாளைப் பார்த்தாள். சமையல்கட்டு வெளிச்சத்தில் பிடித்து, வரிக்குப் பதினாறு என்று எண்ணினாள். கோல்காரர், அதாவது குழுவுக்குக் கையசைக்கிறவர், சுரத்துக்கு இரண்டு நொடி என்று வாரியம் சொன்ன வேகத்தைச் சொல்லியிருந்தார். பாடிப் பார்த்தாள். பன்னிரண்டாவதில் முகம் செக்கச்செவேல் என்று ஆனது. பதினான்கில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கங்க மூச்சு விடறது?"

அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குறி இல்லாத எடத்துல மூச்சு விட்டா அது தடுக்கினதாத்தான் கணக்கு. மூச்சு விடலைன்னா விழுந்துடுவேன். விழுந்தாலும் தடுக்கினதுதான். அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்காம். எதுக்கும் பார்த்து வச்சுக்கங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது தொண்டையைக் கையால் பொத்தியிருந்தாள், யாரோ பிடுங்க வந்த மாதிரி.

மறுநாள் பகல் முழுக்கப் புள்ளிக்காரர் கணினி முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஒரு சுரத்தை அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் ஸ்கேல் பிடித்துவிடும். நகர்த்தாவிட்டால் அமைதி அறை அவளைப் பிடித்துவிடும். ஒன்றும் ஓடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வரி முடிகிற இடத்தில் கண் நின்றது. கடைசிக் காம்பு. அதற்கப்புறம் வெறும் ஓரம். அடுத்த காம்பு எங்கேயோ கீழே, இடப்பக்கம். அந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்? எந்த ஸ்கேலை எப்படி வைத்தாலும் அளக்க முடியாது. கண் மட்டும்தான் அந்தத் தூரத்தைத் தாண்டியாக வேண்டும். தாண்டுகிற நேரத்தில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

வரிக்குப் பதினாறைப் பத்தாகக் குறைத்தார். எட்டு வரி ஒரு பக்கம், மூன்று பக்கம், இருபத்து நாலு வரி. செய்து முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதினாறு வருஷம் மூட்டை தூக்கியும் இப்படி வியர்த்ததில்லை.

அளவுக்காரர் வந்தார். ஒவ்வொரு வரியாக அளந்தார். பதினொன்று, பதினொன்று, பதினொன்று. வரி முடிந்த இடத்தில் ஸ்கேல் ஓரத்துக்குள் நீண்டு, அப்படியே நின்றது.

"இதுக்கப்புறம்?"

"அடுத்த வரி சார்."

"அதுக்கும் இதுக்கும் நடுவுல?"

புள்ளிக்காரர் தாளின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "ஓரம் சார். நாலு பக்கமும் ஓரம் சமமா இருக்கணும்னு போன மாசம் சுற்றறிக்கை வந்துச்சே. அஞ்சு சென்டிமீட்டர் விட்டிருக்கேன். அளந்து பாருங்க."

அளவுக்காரர் நாலு ஓரத்தையும் அளந்தார். மேலே ஐந்து, கீழே ஐந்து, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. வெகுநேரம் தாளைப் பார்த்தார். அதில் ஏதோ தப்பு இருப்பது அவருக்குத் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. முத்திரையை ஊதிவிட்டுக் குத்தினார்.

"வரி முடியற எடத்துல விடு," என்றார் புள்ளிக்காரர் வீட்டில் மனைவியிடம், குரலை இறக்கி. "எல்லார்கிட்டயும் சொல்லு. மூச்சை மட்டும். வேற ஒன்னும் வேணாம்."

"கண்டுபிடிச்சா?"

"நான்தான் கோத்தேன்னு எழுந்து சொல்லிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

விழா அன்று அரங்கத்தில் நாற்காலிகளைக் கயிறு கட்டி அளந்து போட்டிருந்தார்கள். புள்ளிக்காரருக்குக் கடைசி வரிசை. மேடையில் நாற்பது பேரும் ஒரே தூரத்தில் நின்றார்கள். கோல்காரர் கையைத் தூக்கினார்.

ஆ, ஆ, ஆ, ஆ. ஒரே உயரம், ஒரே நீளம். ஒரு பெரிய இயந்திரம் அரங்கத்துக்குள் நுழைந்து நின்ற மாதிரி இருந்தது. பத்தாவது ஆ முடிந்ததும் நாற்பது பேரும் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள். சத்தமில்லாத ஒரு கணம். பிறகு மறுபடி ஆ. புள்ளிக்காரர் மனைவியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சிவக்கவில்லை. இருபத்து நாலு வரியும் தடுக்காமல் முடிந்தது. ஒருவர்கூட விழவில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கைதட்டல் எழவில்லை. தலைவர் முதலில் தட்டினால்தான் மற்றவர்கள் தட்டலாம். அவர் தட்டாமல் மேடையில் ஏறினார்.

"நடுவுல நடுவுல ஒன்னு வந்துச்சு," என்றார் மெதுவாக. "சத்தமே இல்லாம. அது என்னது?"

அளவுக்காரர் ஓடிப்போய்த் தாளைப் பிரித்து ஸ்கேலை வைத்தார். "தாள்ல அப்படி ஒன்னும் இல்லீங்க ஐயா. எல்லாம் பதினொன்னு."

"தாள்ல இல்லாதது எப்படிய்யா எனக்குக் கேட்கும்? முதல்ல ஆரம்பிச்சது யாரு?"

யாரும் கை நீட்டவில்லை. ஆனால் முப்பத்தொன்பது பேரும் மனைவியைப் பார்க்காமல் இருக்க அவ்வளவு கஷ்டப்பட்டதில், யார் என்பது தெரிந்துவிட்டது. அவள் ஓரடி முன்னால் வந்தாள். கண் கடைசி வரிசையைத் தேடியது.

இப்போது எழவேண்டும் என்று புள்ளிக்காரருக்குத் தெரிந்தது. நான்தான் கோத்தேன், இரண்டே சொல். மச்சானுடைய முதுகு நினைவுக்கு வந்தது. அந்தச் சுவர். உட்கார்ந்தே இருந்தார்.

"மூச்சு விட்டேங்க ஐயா," என்றாள் மனைவி.

தலைவர் அவளை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபத்தெட்டு வருஷமா இந்த விழாவுல உட்கார்றேன்," என்றார் சபையைப் பார்த்து. "எந்தப் பாட்டும் எனக்குப் புரிஞ்சதில்ல. இன்னைக்குத்தான் ஒன்னு புரிஞ்சுது. அந்த அம்மா விட்ட எடத்துல எதுவுமே நடக்கலை. எதுவுமே நடக்காம எவ்வளவு ஒழுங்கா இருந்துச்சு. நம்ம வாரியத்தையே கேட்ட மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா இடைவெளி சமமா இருக்கணும்னு உழைச்சோமே, சுரத்தை எதுக்கு நடுவுல வச்சிருந்தோம்? இடைவெளிக்கு இடைஞ்சலே அதுதானே?"

சபை அதை யோசித்துப் பார்த்து, உண்மைதான் என்று கண்டது.

அங்கேயே அறிவித்தார். அடுத்த வருஷப் பாட்டில் இடைவெளி மட்டும்தான். அமைதி அறை இனி அமைதிப் பிரிவாக உயர்த்தப்படும், நாற்பது பேரும் அதில் சேர்க்கப்படுவார்கள். பிரிவுத் தலைவி இந்த அம்மாதான். உத்தரவு நாளைக்கே வரும். அவர் சொல்லி முடித்த அந்த நேரத்தில் புள்ளிக்காரருக்கு எப்படியோ தைரியம் வந்தது. எழுந்துவிட்டார். "ஐயா, நான்தான்..." என்றார். அதே கணத்தில் தலைவர் கைதட்டினார், அரங்கம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. எல்லோரோடும் சேர்ந்து அவரும் நின்றுகொண்டிருந்தார். மேடையிலிருந்து பார்த்தால் அவரும் தட்டுகிறவர் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் சத்தியத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உத்தரவு வந்து பத்து நாள் ஆயிற்று. பிரிவுத் தலைவி என்பதால் அவள் நாற்காலி மற்றவர்களுக்கு முன்னால், சுவருக்கு இன்னும் கிட்டத்தில் போடப்பட்டது. அன்று காலை அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். காய் நறுக்கும்போது முணுமுணுக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அன்று கத்தி பலகையில் படும் சத்தம்தான் கேட்டது.

"சாப்பாடு," என்றாள்.

நிறுத்தினாள். அவர் நிமிர்ந்தார்.

"எடுத்து," என்றாள். மறுபடி நிறுத்தினாள். "வச்சிருக்கேன்."

"ஏம்மா இப்படிப் பேசற?"

"பழகிக்கறேன்." முகம் வெளுத்திருந்தது. "அங்க. வாய். தவறிடக். கூடாதுல்ல."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவள் விட்ட இடத்தை அவர் கேட்டுக்கொண்டு நின்றார். எல்லாம் ஒரே அளவு. மூன்றாவது மட்டும் ஒரு மயிரிழை குறைந்தது. அது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயம் வந்தது. அடக்கிக்கொள்வதற்குள் வாயில் வந்துவிட்டது.

"மூணாவது கொஞ்சம் கம்மியா விழுந்துச்சு."

அவள் சரி என்று தலையாட்டினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முதலில் இருந்து சொன்னாள்.